அல்னிகோ என்று சொல்லி செராமிக்கைத் தலையில் கட்டினார்கள்: பிக்கப் வாங்குமுன் படியுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தமும் காயிலும், அதாவது செம்புச் சுருளும்) மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். "அல்னிகோ 2 காந்தம், கையால் சுற்றிய காயில், பழைய பிஏஎஃப் வகை" என்று சொல்லி எனக்கு ஒரு ஜோடி ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) விற்றார்கள். பிஏஎஃப் என்பது கிப்ஸனின் முதல் ஹம்பக்கர்களுக்கு வழங்கும் பெயர். அல்னிகோ உலோகக் காந்தம், உள்ளே இருந்ததோ செராமிக் காந்தம். கேட்டதற்கு, "டோன் என்பது அவரவர் காதைப் பொறுத்தது" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது இந்தப் பதிலால்தான். எந்த ஒலி பிடிக்கும் என்பது அவரவர் காதைப் பொறுத்தது, சரி. உள்ளே என்ன காந்தம் இருக்கிறது என்பதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு என்ன வேண்டும் என்பதை விற்பவரிடம் எழுத்திலேயே சொல்லியிருந்தேன். நான் வாசிப்பது பெரும்பாலும் கிளீன், அதாவது கரகரப்பு இல்லாத ஒலி. ஆம்ப்பின் ஒலி லேசாகக் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் வைத்திருப்பேன். பிக்கால் அழுத்தி அடித்தால் உறும வேண்டும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் மறுபடி தெளிந்துவிட வேண்டும். கார்ட் பிடித்தால் ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். இப்படி வாசிப்பவர்களுக்கு அவுட்புட் குறைந்த, காந்த இழுப்பு மென்மையான பிக்கப்தான் பொருந்தும். அல்னிகோ 2, அல்னிகோ 5-ஐவிடப் பலம் குறைந்தது. பிக் பட்ட கணத்தில் வரும் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருக்கும், பாஸ் தளர்வாக, ட்ரெபிள் இனிமையாக இருக்கும். "அதேதான் தருகிறோம்" என்றார்கள்.

செராமிக் மட்டம் என்று நான் சொல்லவில்லை. 1972-இல் டிமார்ஸியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பதும் செராமிக் காந்தம்தான். அதிக கெயினில் (கரகரப்பைக் கூட்டி வாசிக்கும்போது) இறுக்கமான பாஸும் பலமான அவுட்புட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது அருமையான பிக்கப். நான் கேட்டது அது இல்லை.

மாட்டிக் கொடுத்ததும் அவர்களேதான். ஆம்ப்பில் செருகி, எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்து ஒரு கார்ட் அடித்தேன். கிளீனாக இருக்க வேண்டிய இடத்தில் கரகரவென்று வந்தது. கிட்டார் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு போனது, கூடவே உயிரும் போய்விட்டது. இரண்டு பக்க ஸ்க்ரூவையும் திருகி, கம்பியிலிருந்து பிக்கப்பை நன்றாகக் கீழே இறக்கினேன். சத்தம் குறைந்தது, ஆனால் ஒலியில் இருந்த அந்தக் கடினத்தன்மை அப்படியே இருந்தது. "புது பிக்கப், வாசிக்க வாசிக்கப் பழகிவிடும்" என்றார் விற்றவர். ஸ்பீக்கரில் அப்படி நடக்கும், கோன் இளகும். பிக்கப்பில் இளகுவதற்கு எதுவுமே இல்லை. ஒரு காந்தமும் அசையாத செம்புச் சுருளும்தான்.

சந்தேகம் வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். விவரக் குறிப்பில் பிரிட்ஜ் பிக்கப்பின் (கம்பிகள் முடியும் பக்கம் இருப்பது) மின்தடை 8 கிலோ ஓம் என்று இருந்தது. மீட்டரில் 15-க்கு மேல் காட்டியது. கிப்ஸனில் சேத் லவர் வடிவமைத்து, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957-இல் லெஸ் பால் கிட்டார்களில் வந்த அந்த அசல் ஹம்பக்கர்கள் ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ ஓமுக்குள்தான் இருக்கும். பிஏஎஃப் என்று அவர்கள் சொன்ன பெயர் அந்த ஹம்பக்கர்களுடையதுதான். மீட்டர் படத்தை அனுப்பினேன். "வெயில் காலத்தில் அளவு கூடத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. செம்பின் மின்தடை வெப்பத்தில் கூடும் என்பது உண்மைதான். பத்து டிகிரி செல்சியஸுக்கு 4 சதவீதம் கூடும். இரண்டு மடங்காக வேண்டுமென்றால் 250 டிகிரி ஏற வேண்டும். அந்தச் சூட்டில் பிக்கப்பே மிஞ்சாது.

இந்த கிலோ ஓம் எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை வைத்துத்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். "எண் கூடினால் பவர் கூடும்" என்பது பாதி உண்மை. அந்த எண் சொல்வது காயிலில் சுற்றிய கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டுமே. டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் இருப்பது) வழக்கமாக 43 கேஜ் கம்பி சுற்றுவார்கள், பிரிட்ஜில் 42. 43 மெல்லியது, அதனால் குறைந்த சுற்றிலேயே எண் ஏறிவிடும். எண் பிரிட்ஜுக்குச் சமமாக இருந்தாலும் நெக் பிக்கப் சாதுவாகத்தான் ஒலிக்கும். கிரெட்ச் கிட்டார்களின் ஃபில்டர்ட்ரான் பிக்கப் 4 கிலோ ஓமை ஒட்டித்தான் காட்டும், அதைக் கேட்டவர்கள் யாரும் பலவீனம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரே வகைக் கம்பி, ஒரே வகைக் காந்தம் என்றால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும். ஆனால் சொன்ன எண்ணும் வந்த எண்ணும் இரண்டு மடங்கு வித்தியாசப்பட்டால், சொன்னது அந்தப் பொருளைப் பற்றி இல்லை என்பது உறுதி.

காந்தத்தைச் சோதித்ததையும் சொல்லிவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூடி இல்லாத ஹம்பக்கரைப் பக்கவாட்டில் திருப்பினால், காயில்களுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே காந்தப் பட்டையின் முனை தெரியும். டேப்பைப் பிரிக்கவே தேவையில்லை. மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் கன்டினியூட்டியில் வைத்து, மீட்டரின் இரண்டு முனையையும் அந்தக் காந்தத்தில் மட்டும் படும்படி வையுங்கள். அடித்தகடு உலோகம், அதில் பட்டால் எப்படியும் பீப் வரும், ஏமாந்துவிடாதீர்கள். மெழுகு படிந்திருந்தால் நகத்தால் சுரண்டிவிடுங்கள். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம், மின்சாரம் பாயும், பீப் வரும். செராமிக்கில் பாயாது. என்னுடைய இரண்டு பிக்கப்பிலும் சத்தமே இல்லை. காந்தத்தின் முனை கறுப்பாக, சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. இதை வீடியோ எடுத்து அனுப்பியபோதுதான் அந்தக் 'காது' பதில் வந்தது. அல்னிகோ 2-ஆ 5-ஆ என்று இந்தச் சோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் விற்பவரின் நாணயம்தான் எல்லாம்.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மாட்டியதே அவர்கள்தான்! பழைய பிக்கப்பையே திரும்பப் போடலாம் என்று எடுத்துப் பார்த்தால், சால்டரைச் சூடாக்கிக் கழற்றாமல் ஒயரை அடியோடு ஒட்ட நறுக்கியிருந்தார்கள். காயிலைப் பிரித்து வாசிக்க உதவும் நான்கு ஒயர்களில் இரண்டு, விரல்நகம் அளவுகூட மிச்சமில்லை. வேலை தெரிந்த யாரும் அடுத்தவர் பொருளில் இப்படிக் கை வைக்க மாட்டார்கள்.

வேறொரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாக ஒயரை நீட்டிப் பற்றவைத்தார். பற்றவைப்பதற்கு முன்னால் வால்யூம் பாட்டை (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) அளந்தார். 250 கிலோ ஓம். ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்குத்தான் 250. குறைந்த பாட் ட்ரெபிளைத் தின்றுவிடும். பழைய பிக்கப் மந்தமாக இருக்கிறது என்று நான் மாற்றப் போனதற்கே இதுதான் முக்கியக் காரணம். 500 பாட் போட்டதும் பழைய பிக்கப்பிலேயே நான் தேடிய தெளிவில் பெரும்பகுதி வந்துவிட்டது. முதலில் கிட்டாரைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு இதை அளக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அளந்திருந்தால் பிக்கப் விற்றிருக்க முடியாது.

இனி வாங்குபவர்கள் காந்த வகை, கம்பி கேஜ், கிலோ ஓம், எத்தனை ஒயர், போல் ஸ்க்ரூ இடைவெளி (முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் அடியில் வரும் பிக்கப் ஸ்க்ரூக்களுக்கு நடுவே உள்ள தூரம்) ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசியது பலர் மறப்பது. பழைய கிப்ஸன் அளவு 50 மில்லிமீட்டரை ஒட்டி வரும், ட்ரெமொலோ பிரிட்ஜ் உள்ள கிட்டார்களுக்குப் பெரும்பாலும் 53-ஐ ஒட்டியது வேண்டியிருக்கும். மாதிரி ஒலி கேட்டால் எஃபெக்ட் எதுவும் இல்லாமல், வால்யூம் முழுதாக ஒருமுறை, பாதியில் ஒருமுறை பதிவுசெய்து தரச் சொல்லுங்கள். எனக்கு அனுப்பிய மாதிரியில் ரிவெர்பும் டிலேயும் வழிந்தன, பிக்கப்பின் குரலே தெரியவில்லை. மாட்டச் சொன்னால் பழைய ஒயரை வெட்டக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த விவரக் குறிப்பு ஒரு எழுத்துகூட மாறாமல் இன்னும் விற்பனையில் இருக்கிறது. "கையால் சுற்றிய அல்னிகோ 2" என்று யாராவது சமீபத்தில் வாங்கியிருந்தால், இன்றைக்கே மீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் வரவில்லை என்றால் வீடியோ எடுத்து வையுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.