தீவுக்கு டைவிங் போகும்போது எது நம்முடையது, எது வாடகை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். உடம்போடு ஒட்டியிருக்கும் சாமான் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும், காற்றுச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும் சாமானை அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், உடம்புச் சூட்டைக் காக்கும் வெட்சூட், மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு பக்கம், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும், காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பிசிடி என்ற மேலங்கியும் மறுபக்கம். வருடத்துக்கு ஒரு பயணம், அதில் பத்துப் பதினைந்து டைவ் என்று போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வாராவாரம் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களின் கணக்கு வேறு.

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும், இன்னொரு கட்சி நீச்சல் உடையோடு கைவீசிப் போய் மீதியை அங்கே கேட்டு வாங்கும். நான் இரண்டு மாதிரியும் போயிருக்கிறேன். கைவீசிப் போன பயணத்தில் வாடகை மாஸ்க் கன்னத்தோரம் கசிந்துகொண்டே இருந்தது. முதல் இரண்டு நாளும் மீனைப் பார்த்ததைவிட மாஸ்க்கிலிருந்து தண்ணீரை ஊதி வெளியேற்றியதுதான் அதிகம், அந்தப் பதற்றத்தில் காற்றும் மற்றவர்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அடுத்த பயணத்துக்கு முழு செட்டையும் கட்டினேன், சூட்கேஸில் பாதிக்கு மேல் டைவிங் சாமானே அடைத்துக்கொண்டது. போய் இறங்கினால் என் ரெகுலேட்டர் திருகி மாட்டும் டின் வகை, அங்கே இருந்த சிலிண்டர்களோ கவ்விப் பிடிக்கும் யோக் வகை. ஒரு அடாப்டரைத் தேடி எடுத்து வரும்வரை படகில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

எடையை யோசியுங்கள். சாதாரண பிசிடி மூன்று, நான்கு கிலோ வரும். ரெகுலேட்டர், ஆக்டோபஸ் என்கிற உபரி வாய்ப்பகுதி, காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல். ஃபின்ஸ், பூட்ஸ், வெட்சூட்டையும் கூட்டினால் பத்து கிலோவைச் சுலபமாகத் தாண்டும். பெரிய விமானத்தில் இது சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் கடைசிக் கட்டமாகத் தீவுக்குப் பறக்கும் சின்ன விமானத்தில் எடை வரம்பு பெரும்பாலும் இன்னும் குறைவாக இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் அது மாஸ்க்காக இருக்கட்டும், விலை கூடிய மாஸ்க் வேண்டாம், முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் போதும். வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் நிற்க வேண்டும். இது எல்லோரும் சொல்லும் சோதனை. நான் கூடவே ஒன்று செய்வேன்: ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதே சோதனையைத் திரும்பச் செய்வேன். வாயில் ஏதாவது இருக்கும்போது கன்னமும் மேலுதடும் வேறு வடிவத்துக்குப் போய்விடும், கடையில் கச்சிதமாக உட்கார்ந்த மாஸ்க் தண்ணீரில் ஒழுகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மீசை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒற்றைக் கண்ணாடி மாஸ்க்கா, இரட்டைக் கண்ணாடி மாஸ்க்கா என்று கேட்டால், ஒற்றையில் நடுவில் சட்டம் இல்லாததால் பார்வை விரிந்து கிடக்கும். ஆனால் பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரட்டைதான் சரி, பல மாடல்களில் இரு கண்ணுக்கும் தனித்தனி பவர் லென்ஸ் மாற்றிப் போடலாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸோடு டைவ் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது முடியாத காரியம் இல்லை. ஆனாலும் மாஸ்க்கில் தண்ணீர் புகும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தோடு கண்ணை இறுக்கிக்கொள்வதைவிட, கடல்நீர் லென்ஸுக்கு அடியில் தங்கிக் கண்ணில் தொற்று வரும் வாய்ப்பை ஏற்பதைவிட, பவர் மாஸ்க்குக்குச் செலவழிப்பது மேல். அப்புறம், புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்தே ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். பற்பசை போட்டு உள்பக்கத்தை நான்கைந்து முறை நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் என்ன தடவினாலும் ஆவி படியும். இதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். வாடகைக்கு எடுப்பதற்கும் சொந்தமாக வைத்திருப்பதற்கும் இதில் உள்ள வித்தியாசம் வசதி மட்டும் இல்லை. ஒவ்வொரு டைவிலும் உடம்பில் கரையும் நைட்ரஜன் மேலே வந்ததும் உடனே வெளியேறிவிடாது, மிச்சம் இருப்பதையும் அடுத்த டைவுக்குக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அந்தக் கணக்கு கையில் கட்டிய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. காலையில் வேறொருவர் கட்டிய கம்ப்யூட்டரை மதியம் நீங்கள் கட்டினால் அது அவருடைய உடம்பின் கணக்கை உங்களுக்குக் காட்டும். நேற்று ஒன்று, இன்று வேறொன்று என்று மாற்றிக் கட்டினால் உங்கள் கணக்கே யாரிடமும் இல்லாமல் போகும். “வழிநடத்தும் டைவ் மாஸ்டர் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அவர் பின்னாலேயே போனால் போதும்” என்பதையும் நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பத்து மீட்டரில் மிதந்துகொண்டிருக்கும்போது நீங்கள் ஆமையைப் பார்க்க நான்கு மீட்டர் கீழே போயிருப்பீர்கள், அது அவர் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வாடகைதான் என்றால், முதல் நாள் எடுத்த அதே கம்ப்யூட்டர் கடைசி நாள்வரை உங்களிடமே இருக்க வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாங்குவதென்றால், கைக்கடிகார அளவில் வரும் அழகானவையா, பெரிய திரை உள்ள சாதாரண மாடலா? நான் பெரிய திரைக்குத்தான் ஓட்டுப் போடுவேன், கலங்கிய தண்ணீரில் எண் பளிச்சென்று தெரிவதுதான் முக்கியம். பேட்டரியை நாமே மாற்றக்கூடிய மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பேட்டரியும் அதன் மூடிக்குள் நீர் புகாமல் தடுக்கும் ஒரு ஓ-ரிங்கும் உபரியாகப் பையில் போட்டால் ஜெனரேட்டர் மின்சாரத்தை நம்பிச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

உடைக்கு வருவோம். வெப்ப மண்டலத் தீவுகளில் தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும், அதனால் ராஷ்கார்டு என்கிற மெல்லிய நீச்சல் சட்டையே போதும் என்று தோன்றும். முதல் டைவுக்குப் போதும், சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உடம்புச் சூட்டை இழுக்கும், ஒரு நாளைக்கு மூன்று டைவ் என்று தொடர்ந்து போனால் நான்காம் நாள் 28 டிகிரித் தண்ணீரிலும் பல் கிடுகிடுக்கும். அரைக்கை அரைக்கால் ஷார்ட்டி மடிக்கச் சின்னது, மாட்டச் சுலபம், ஆனால் முழங்காலும் முழங்கையும் ஜெல்லிமீனுக்கும் நெருப்புப் பவளத்துக்கும் திறந்தே கிடக்கும். 5 மி.மீ. தடிமனுள்ள சூட் கதகதப்புதான், பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்வதோடு மேலே மிதக்க வைக்கும் என்பதால் இடுப்பில் கூடுதல் ஈயமும் கட்ட வேண்டியிருக்கும். அதன் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள் பத்து மீட்டர் ஆழத்தில் பாதியாகச் சுருங்கிவிடுவதால் மேலே மிதந்த மிதப்பு கீழே இருக்காது, சூட் தடிமனாக ஆக இந்த ஏற்ற இறக்கமும் கூடும். புதியவர்களுக்கு அதைச் சமாளிப்பது சிரமம். ஆக என் தேர்வு முழுக்கை முழுக்கால் 3 மி.மீ., அதோடு தொப்பி வைத்த ஒரு மெல்லிய உள்சட்டை. குளிரும் நாளில் மட்டும் அந்த உள்சட்டையைப் போட்டுக்கொண்டால் போதும். வாடகை சூட் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் உள்ளே ஓடும், அது எத்தனை மி.மீ. இருந்தும் பிரயோஜனமில்லை.

ஃபின்ஸில் மட்டும் இதுதான் சிறந்தது என்று சொல்ல முடியாது, இறங்கும் இடத்தைப் பொறுத்தது. படகிலிருந்து குதிப்பது மட்டும்தான் என்றால் செருப்பு மாதிரி நேராகக் காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்ஸ் போதும், எடையும் குறைவு, பூட்ஸும் வேண்டாம். கரையிலிருந்து பவளத் துண்டுகள் மேல் நடந்து இறங்கும் இடமென்றால் பூட்ஸ் இல்லாமல் காலை வைக்க முடியாது, அங்கே குதிகால் திறந்த வகைதான். முன்கூட்டியே டைவ் சென்டரைக் கேட்டுவிடுங்கள். சிலிண்டர் எந்த வகை என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். ஃபின்ஸை வாடகைக்கே எடுக்கிறவர்கள் நியோப்ரீன் சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுபோனால் கொப்புளம் வராது.

ரெகுலேட்டரையும் பிசிடியையும் நான் ஏன் விட்டுவிட்டுப் போகிறேன்? வருடம் முழுக்க அலமாரியில் தூங்கிய ரெகுலேட்டரைவிட, தினமும் ஓடி ஒழுங்காகச் சர்வீஸ் ஆகும் ரெகுலேட்டரை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. சிலிண்டரைத் திறந்ததும் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு ஆழமாக இழுங்கள், முள் ஆடாமல் நிற்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு கீழே விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. பிசிடியை முழுதும் ஊதிவிட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், தளர்ந்தால் வேறு கேளுங்கள். கடித்துக் கிழிந்த வாய்ப்பகுதி பிடிக்காது என்றால் உங்களுடையதை ஒரு பிளாஸ்டிக் டையோடு கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம், எடையே கிடையாது. ரொம்பச் சின்ன உடம்பு, ரொம்பப் பெரிய உடம்பு உள்ளவர்களுக்கு மட்டும் நான் வேறு பேச்சுப் பேசுவேன். பிசிடி அளவு சரியாக இல்லாவிட்டால் சிலிண்டர் முதுகில் அலையும், உங்களுக்குச் சொந்தமான பயண பிசிடி தேவைதான்.

மேலே வரும்போது விரித்துவிடும் ஆரஞ்சு மிதவையும் ஒரு விசிலும் சொந்தமாக வைத்திருங்கள். நீரோட்டம் தள்ளிக்கொண்டு போனால் அலைக்கு நடுவில் ஒரு தலை மட்டும் படகுக்காரர் கண்ணில் படாது. கையுறை வேண்டாம். கரீபியன் தீவான பொனேரின் கடல் பூங்காவில் டைவ் செய்கிறவர்கள் அதைப் போடவே தடை, கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கக் கை தானாகப் போகும் என்பதால்தான்.

சன்ஸ்கிரீனா, துணியா? துணிதான். பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாயில் 2021 முதல் தடை, பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லேயே இன்னும் நீளமான பட்டியலோடு தடை செய்துவிட்டது. பாட்டிலில் ‘ரீஃப் சேஃப்’ (பவளத்துக்குப் பாதுகாப்பானது) என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது, பின்னால் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டால் முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு கொஞ்சம் போதும்.

படகில் குமட்டல் வருகிறவர்களுக்கு மாத்திரையும் உண்டு, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையும் உண்டு. பட்டை மூன்று நாள் தாங்கும், ஆனால் வாய் உலரும், சிலருக்குப் பார்வை மங்கும், ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கருவிழிப் பாப்பா விரிந்துவிடும். மாத்திரை சிலருக்குத் தூக்கம் தரும். எதுவானாலும் மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன் தரையிலேயே ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். மூக்கடைப்பு மாத்திரையை நம்பி மட்டும் கீழே இறங்காதீர்கள், ஆழத்தில் இருக்கும்போது அதன் வேகம் குறைந்தால் மேலே வருகையில் காதிலும் சைனஸிலும் காற்று சிக்கிக்கொள்ளும். டைவிங் மருத்துவப் படிவத்தையும் வீட்டிலேயே நிரப்பிப் பாருங்கள். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள், அதைத் தீவில் போய்த் தேடுவது பெரும்பாடு.

பெட்டி விஷயம் சுருக்கம்: கெட்டிப் பெட்டியின் எடையே உங்கள் வரம்பில் ஒரு பங்கைத் தின்னும், சக்கரம் வைத்த துணிப்பை போதும். மாஸ்க், கம்ப்யூட்டர், மருந்து, ஒரு நீச்சல் உடை ஆகியவை கைப்பையில். பெரிய பை ஒரு நாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் டைவ் போகலாம். உபரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். டைவ் கத்தி இருந்தால் அது பெரிய பையில்.

கடைசி நாளில் இன்னும் ஒரு டைவ் அடிக்கலாமா, சாமானைக் காயப்போடலாமா என்ற கேள்வி எல்லாப் பயணத்திலும் வரும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்கிற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்வது, உடம்பில் மிச்சம் இருக்கும் நைட்ரஜன் காரணமாக, மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும் பல நாள் தொடர்ந்து செய்த டைவுகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது. நான் ஒரு முழு நாள் விட்டுவிடுகிறேன். அந்த நாளில் வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும், ஈரத்தோடு மடித்தால் எடை கூடுவதோடு வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போது நாற்றமும் அடிக்கும்.