குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர்: எந்தக் குழாய்க்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்கிற சாமான்களில் பாதி, வீட்டுக்குள் இன்னொரு குப்பையாகச் சேர்வதோடு சரி. ஏரேட்டரை அந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். சுமார் ஒரு இன்ச் அகலமே உள்ள, குழாய் முனையில் திருகி மாட்டுகிற சின்னப் பொருள். மின்சாரம் வேண்டாம், பிளம்பரும் வேண்டாம். வாஷ்பேசினில் நிமிடத்துக்கு 3 லிட்டர் விடுகிற பித்தளை ஏரேட்டர் ஒன்றையும், சமையலறை சிங்க்கில் நிமிடத்துக்கு 6 லிட்டர் விடுகிற, எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய தலை உள்ள ஒன்றையும் மாட்டிப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டுமே நல்ல பொருள்தான், ஆனால் எந்தக் குழாய்க்கு எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே நுண்ணிய துளைகள் உள்ள ஒரு தட்டு, அதற்குக் கீழே வலை. துளைகள் வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாயும்போது பக்கவாட்டு இடுக்குகளிலிருந்து காற்றையும் இழுத்துக்கொள்கிறது, இரண்டும் கலந்து வெள்ளையாக, மெத்தென்று ஒரு தாரை வருகிறது. தண்ணீர் குறைவு, ஆனால் கை முழுக்க நனைகிறது, சட்டையில் தெறிப்பதும் இல்லை. கொஞ்சம் நல்ல ரகத்தில் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். அழுத்தம் கூடக்கூட அது நசுங்கி வழியைச் சுருக்குவதால், குழாயை முழுசாகத் திறந்தாலும் அளவு பெரிதாக ஏறாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதுதான் பெரிய லாபம்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் குடுவையைக் குழாய்க்கடியில் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். 60-ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 5 நொடியில் நிரம்பினால் 12 லிட்டர், 20 நொடி ஆனால் 3 லிட்டர். என் வாஷ்பேசினில் முன்பும் பின்பும் கிட்டத்தட்ட இந்த இரண்டு கணக்குதான் வந்தது.

மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிற வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 3 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) போன்ற நல்ல அழுத்தத்தை வைத்துச் சொல்வது. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் சுமார் 1 பார் அழுத்தம் தரும். தொட்டி குழாய்க்கு மேலே 3 மீட்டரில்தான் இருக்கிறது என்றால் கிடைப்பது 0.3 பார். அந்த அழுத்தத்தில் 3 லிட்டர் ரகம் சோர்ந்துபோய் ஒழுகும், வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள், இரண்டே நாளில் கழற்றி வீசப்படும். அங்கே ரப்பர் வளையம் இல்லாத, 6 லிட்டரோ அதற்கு மேலோ விடுகிற ரகம் வாங்குவதுதான் சரி.

இப்போது முக்கியமான விஷயம். ஓடுகிற தண்ணீரில் நாம் ஏதாவது செய்கிறோமே, கை கழுவுவது, முகம் கழுவுவது, பாத்திரம் அலசுவது, அங்கே மட்டும்தான் இது மிச்சம் பிடிக்கும். வாளி நிரப்புகிற குழாயில் மாட்டினால் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. ஒரு வாளி என்பது ஒரு வாளிதான், நிரம்ப நாலு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவே. குளியலறை வாளிக் குழாய், வாஷிங் மெஷினுக்குப் போகிற குழாய், இரண்டையும் விட்டுவிடுங்கள். சமையலறையில் பாத்திரமும் அலசுகிறோம், குடமும் பிடிக்கிறோம் என்பதால்தான் அங்கே 3 லிட்டர் வேண்டாம், 6 போதும் என்கிறேன். தலையைத் திருப்ப முடிவதால் சிங்க்கின் மூலைகளைக் கழுவ வேறு சௌகரியம்.

வெந்நீர் வருகிற குழாயில் மாட்டினால் தண்ணீரோடு மின்சாரமும் மிஞ்சும், இதைப் பலர் யோசிப்பதில்லை. 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.35 யூனிட் ஆகிறது, நாள் முழுக்க யார் யாரோ கை கழுவுகிற வீட்டில் கூட்டிப் பாருங்கள். ஆனால் கவனம், ஹீட்டரின் வெளிவாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தால் அந்தக் குழாயில் எதையும் மாட்டக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறிவிடும். தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர்கள் சிலவற்றுக்குக் குறைந்தபட்ச ஓட்டம் தேவை, அது இல்லையென்றால் ஹீட்டர் பற்றவே பற்றாது.

மாட்டுவது சுலபம். இப்போது இருக்கும் முனையைக் கழற்றி, குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் மண், துருவை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் எல்லாம் புது வலையில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வாஷரை வைத்துக் கையாலேயே இறுக்கினால் போதும். கடைக்குப் போகும்முன் மரை (திருகி மாட்டும் புரி) எந்தப் பக்கம் என்று பாருங்கள்: குழாயின் வெளிப்பக்கம் மரை இருந்தால் அநேகமாக 22 மில்லிமீட்டர், உள்பக்கம் இருந்தால் 24. பழைய முனையைக் கையோடு எடுத்துப்போவது இன்னும் நல்லது.

குறை? உப்புத் தண்ணீர். வலையில் வெள்ளையாகப் படிந்து தாரை கோணலாகத் தெறிக்க ஆரம்பிக்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் புதிது மாதிரி ஆகிவிடும், ஆனால் இதை அடிக்கடி செய்ய மனசு வேண்டும். பிளாஸ்டிக் உடம்பு உள்ள ஒன்றை முன்பு வாங்கியபோது கழற்றி மாட்டுவதிலேயே மரை விரிந்துபோனது, ஆகவே பித்தளை வாங்குங்கள். அதில் உள்ளிருக்கும் வலைப்பகுதி தேய்ந்தால் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், முழுசாகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வாடகை வீடாக இருந்தால் குழாயின் பழைய முனையைப் பத்திரமாக வைத்திருங்கள், காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டு ஏரேட்டரைக் கையோடு கொண்டுபோகலாம்.