செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டிருந்த என் டி-ஜெட்டும், கணபதிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பும்

என் டி-ஜெட் கார் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கும், இன்ஜின் எடுக்காது. இந்தத் தொல்லையோடு ஏழு மாதம் அலைந்தேன். இரண்டு இடங்களில் மொத்தம் 17,100 ரூபாய் கொடுத்தேன், ஒன்றும் மாறவில்லை. மூன்றாவதாகப் போனது கோவை கணபதிப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அங்கே 5,450 ரூபாயிலும், கடைசியாக வேறொருவரிடம் கொடுத்த 2,500 ரூபாயிலும் வேலை முடிந்தது. அந்தக் கடைக்கார அண்ணன் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை முழுசாக எழுதவேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டியை மாற்றியமைத்து ஓட்டுகிற பலருக்கும் இதே தொல்லை இருக்கிறது, பெரும்பாலும் பேட்டரியில் ஆரம்பித்துப் பார்ட் பார்ட்டாக மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. அவரும் இரண்டு பையன்களும்தான் வேலை பார்க்கிறார்கள், கூட்டம் சேர்ந்தால் வேலை கெட்டுவிடும் என்று அவரே வேண்டாம் என்றார். அதை மதிக்கிறேன்.

வண்டி 2011 ஃபியட் லீனியா டி-ஜெட். 1368 சிசி, கம்பெனியிலிருந்து வந்தபோது 114 பிஎஸ். 2019இல் ஒரு டியூனரிடம் கொடுத்துப் பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற பெரிய இன்ஜெக்டர், டேங்குக்குள் மணிக்கு 255 லிட்டர் தள்ளுகிற பம்ப், அதற்கேற்ற ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) எல்லாம் செய்தேன். நாலு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

முதலில் பெட்ரோல் பங்க்கில்தான் கவனித்தேன், வழக்கத்தைவிட இரண்டு நொடி கூடுதலாக செல்ஃப் அடித்தது. அப்புறம் அது நாலு ஆனது, ஆறு ஆனது. ஒருநாள் குடும்பத்தோடு வால்பாறைக்குப் போகும்போது ஆழியாரிலிருந்து நன்றாக மிதித்து ஏறி, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தி அம்மாவுக்கு அணையைக் காட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்கவே இல்லை. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிட்ட பிறகு, வண்டி ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அம்மா அதற்குப் பிறகு அந்த வண்டியில் தூரமாக வர யோசித்தார். எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

முதல் கடையில் பேட்டரி 6,200, ஸ்பார்க் பிளக் 3,200. இரண்டாவது கடையில் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்ய 4,800, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் 2,900. இவை அர்த்தமில்லாத சந்தேகங்கள் என்று சொல்லமாட்டேன். டர்போவின் சூட்டில் செல்ஃப் மோட்டார் மந்தமாவது உண்டு, கிராங்க் சென்சார் சூடானால் சிக்னல் விட்டுப்போவதும் உண்டு. ஆனால் இரண்டு கடையிலும் யாரும் வண்டியைச் சூடாக்கி, நிறுத்தி, இருபது நிமிடம் காத்திருந்து பார்க்கவில்லை. ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து "சரியாயிடுச்சு சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

கணபதிக் கடை அண்ணன் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேள்விதான் கேட்டார். நிறுத்தி இரண்டு நிமிடத்தில் திருப்பினால் எடுக்குமா? எடுக்கும். பத்து நிமிடம்? கஷ்டம். மூன்று மணி நேரம் கழித்து? எடுக்கும். செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? வேகமாகத்தான். பெட்ரோல் வாசனை வருகிறதா? முதல் தடவை வராது. எடுத்ததும் கறுப்புப் புகையா, நடுக்கமா? நடுக்கம். பிறகு, "ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டுமுங்க. காலைல ஆறின வண்டிய ஒருக்காப் பாக்கோணும், அப்புறம் நாமளே சூடு பண்ணோணும்" என்றார்.

மறுநாள் நானும் கூடவே இருந்தேன். சென்சார் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி ஈச்சனாரி வரைக்கும் போய் வந்தோம், வழியில் மூன்று தடவை நன்றாக மிதித்து டர்போவின் பூஸ்ட்டை (காற்றழுத்தத்தை) ஏற்றினார். திரும்பி வந்து ஆஃப் பண்ணும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) 93 டிகிரி, உள்ளே போகும் காற்று 41 டிகிரி. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கூலன்ட் 103, காற்று 70. நிறுத்தினால் வண்டி உடனே ஆறத் தொடங்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தண்ணீர் ஓடுவதும் காற்று அடிப்பதும் நின்றுவிடுவதால், டர்போவிலும் எக்ஸாஸ்ட்டிலும் இருக்கிற சூடு மொத்தமும் பானெட்டுக்குள்ளேயே தங்கி, முதல் அரைமணி நேரம் மேலேதான் ஏறுகிறது. பெரிய டர்போ போட்ட வண்டியில் அந்தச் சூடு இன்னும் அதிகம்.

அந்த நிலையில் செல்ஃப் அடித்தார். ஸ்கேனரில் 230 ஆர்பிஎம், வோல்டேஜ் 10.6. கிராங்க் சென்சார் சூட்டில் போயிருந்தால் செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டும். சிக்னல் தெளிவாக வந்தது. செல்ஃப், பேட்டரி, சென்சார் மூன்றும் நல்லது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நான் ஏழு மாதமாகக் காசு கொடுத்து மாற்றியதும் அவற்றைத்தான்.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டி அதே சூட்டில் இருக்க, சாவியை ஆன் பண்ணி இரண்டு நொடி வைத்து ஆஃப், மறுபடி ஆன், ஆஃப். இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் டேங்கில் பம்ப் "ம்ம்ம்" என்று ஓடி நிற்கிறது. பிறகு செல்ஃப் அடித்தால் மூன்று நொடியில் எடுத்துவிட்டது. "பெட்ரோல் பிரஷர் நிக்கறதில்லீங்க" என்றார்.

ஆனால் அதை வைத்து உடனே பம்ப்பைக் கழற்றவில்லை. பெட்ரோல் லைனும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயும் சேருகிற இடத்தில் டி வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு பிரஷர் கேஜ் மாட்டினார், அதற்கு முன்னால் டேங்க் பக்கம் ஒரு மூடித் திறக்கிற வால்வும் வைத்தார். ஓடும்போது அழுத்தம் 3.5 பார், ஊசி ஆடவில்லை. ஆஃப் பண்ணியதும் இரண்டு நிமிடத்தில் 1 பார், ஐந்தாவது நிமிடத்தில் பூஜ்யம். அரைமணி கழித்தும் 2 பாருக்கு மேல் நிற்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

பிரஷர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். ரேடியேட்டர் மூடிக்கும் குக்கருக்கும் சொல்கிற அதே காரணம்தான். அழுத்தத்தில் இருக்கும்வரை பெட்ரோல் அந்தச் சூட்டிலும் திரவமாகவே இருக்கும். அழுத்தம் போய்விட்டால் ரெயிலுக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். என் வண்டியில் ரெயிலிலிருந்து டேங்குக்குத் திரும்புகிற லைன் கிடையாது, அதனால் அந்த ஆவி வெளியே போக இன்ஜெக்டரை விட்டால் வேறு வழி இல்லை. இன்ஜெக்டர் திறக்கும்போது பெட்ரோலுக்குப் பதில் ஆவிதான் வருகிறது. அது தீரும்வரை செல்ஃப் அடிக்கத்தான் வேண்டும். ஆறின வண்டியில் ஆவி இல்லை, பம்ப் இரண்டு நொடி ஓடினாலே பிரஷர் வந்துவிடும், அதனால் காலையில் தொல்லையே தெரியாது.

சரி, பிரஷர் எங்கே போகிறது? இன்ஜெக்டர் ஒழுகினாலும் போகும், டேங்க் பக்கம் திரும்பி ஓடினாலும் போகும். மறுபடி சூடாக்கி, ஆஃப் பண்ணிய அடுத்த நொடியே அந்த வால்வை மூடினார். இப்போது ரெயில் தனியாகப் பூட்டப்பட்டுவிட்டது. கேஜ் இறங்கவே இல்லை. 3.4இல் நின்றது மெல்ல 4.1க்கு ஏறியது, பூட்டிய ரெயிலில் பெட்ரோல் சூட்டில் விரிவதால். ஆக இன்ஜெக்டர் நாலும் ஒழுகவில்லை, குறை டேங்க் பக்கம்தான். இருபது நிமிடம் கழித்து வால்வைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினார். ஒன்பது நொடி அடித்தது மூன்று நொடியானது. நான் சந்தோஷப்பட்டேன், அவர் சந்தோஷப்படவில்லை. "ஒரு நொடில எடுக்கோணும். இன்னொன்னு இருக்குதுங்க" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருந்தால்தான் பம்ப்பைக் கழற்றுவேன் என்று சொல்லி மீதியை எடுத்தார், பேட்டரியைக் கழற்றினார், தீயணைப்பானை ஒரு பையன் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்க வைத்தார். பம்ப் அசெம்பிளி வெளியே வந்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பெரிய பம்ப் போட்டபோது, பம்ப்பையும் மேல்மூடியையும் இணைக்கப் பத்து சென்டிமீட்டர் ரப்பர் ஹோஸ் போட்டிருக்கிறார்கள். ஹோஸின் மேல் 30ஆர்7 என்று அச்சு இன்னும் படிக்க முடிந்தது. அது பானெட்டுக்குள் போடுகிற ஹோஸ், பெட்ரோல் உள்ளே ஓடுவதற்கு மட்டும் செய்தது. டேங்குக்குள் வெளிப்பக்கமும் பெட்ரோலில் ஊறும் என்பதால் அங்கே போடவேண்டியது 30ஆர்10. தப்பான ஹோஸ் வெளிப்பக்கம் உப்பி, கிளிப் கடித்த இடத்தில் நீளமாக வெடித்திருந்தது. பம்ப் ஓடும்போது இவ்வளவு பெரிய பம்ப்புக்கு அந்தக் கசிவு ஒரு கணக்கே இல்லை, அதனால் 3.5 பார் காட்டிக்கொண்டே இருந்தது. பம்ப் நின்றால் எல்லாம் அந்த வெடிப்பு வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வையும் தனியாகச் சோதித்தார், அது நன்றாக இருந்தது, அதனால் பம்ப்பை மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாற்றச் சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா என்று கேட்டேன், இப்போது 20 சதவீதம் வரை வந்துவிட்டதே. எத்தனால் சில ரப்பர்களுக்கு ஆகாது என்பது சரிதான், ஆனால் இந்த ஹோஸ் டேங்குக்குள் இருக்கவே கூடாது, எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் என்றைக்காவது வெடிக்கும் என்றார்.

சரியான ஹோஸும் கிளிப்புகளும் 650 ரூபாய். மாட்டிய பிறகு அரைமணி கழித்து 2.9 பார் நின்றது. ஆனாலும் சூட்டில் மூன்று நொடி. இந்த முறை செல்ஃப் அடிக்கும்போது லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் என் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும். சட்டென்று இன்ஜின் எடுத்தது, காலை எடுத்தேன், ஓடியது. அப்படியானால் இப்போது பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பெரிய இன்ஜெக்டர் போட்டபோது ஓடுகிற நேரத்துக்கு ரீமேப்பில் கணக்கு மாற்றியிருக்கிறார்கள், சூடான வண்டி ஸ்டார்ட் ஆகும்போது கொடுக்கிற அளவை மட்டும் பழையபடியே விட்டிருக்கிறார்கள். அதே நேரத்துக்குத் திறந்தால் பெரிய இன்ஜெக்டர் அதிகம் ஊற்றத்தானே செய்யும். ஆறின இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்பதால் காலையில் அது மறைந்துவிடுகிறது.

இங்கே ஒரு குறை. அவர் மேப்பிங் செய்வதில்லை. ஸ்கேனர் பதிவுகளை எல்லாம் எடுத்து, எந்த வெப்பநிலையில் எத்தனை நொடி என்று எழுதிக் கொடுத்தார், அதை வேறொருவரிடம் கொண்டுபோய் 2,500 ரூபாய் தனியாகக் கொடுத்து ஸ்டார்ட்டிங் அளவைக் குறைத்துக்கொண்டேன். இப்போது 103 டிகிரியிலும் ஒரு நொடிதான்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடவேண்டும். வண்டி மூன்று நாள் அங்கே நின்றது. உட்கார இடம் கிடையாது, வெயிலில்தான் நிற்கவேண்டும். வேலை நேரத்தில் போனை எடுக்கவே மாட்டார், நேரில் போனால்தான் பேச்சு. டர்போவுக்கு வெப்பப் போர்வை போடச் சொன்னார். போட்டேன், காற்றின் வெப்பம் 70லிருந்து 66க்குத்தான் வந்தது. ஸ்டார்ட்டிங்கில் அதனால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கட்டணத்தில் 3,000 ரூபாய் கண்டுபிடிப்பதற்கு, 1,800 டேங்க் வேலைக்கு, 650 ஹோஸுக்கு. கண்டுபிடிக்க மட்டும் மூவாயிரமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு நாள், ஆறு தடவை சூடாக்கி, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

போன மாதம் மறுபடி வால்பாறை. லோம்ஸ் வியூவில் அதே இடத்தில் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பியதும் எடுத்தது. "போலாம்" என்றார்.

கோவைப் பக்கம் இருந்து இதே தொல்லையில் இருப்பவர்கள் தனியாகக் கேளுங்கள், வழி சொல்கிறேன். போகும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். இதுவரை மாற்றிய பார்ட்டுகளையும், நிறுத்தி எத்தனை நிமிடத்தில் எத்தனை நொடி செல்ஃப் அடிக்கிறது என்பதையும் ஒரு வாரம் எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.