செம்பூர் எக்கோ மையம்: வால்வோடு நின்றுவிடாத பரிசோதனை

இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கலாம் என்று குடும்ப மருத்துவர் ஐயப்பட்டதால், 72 வயதான என் பெரியப்பாவைச் செம்பூரில் உள்ள, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஓர் எக்கோ மையத்துக்கு அழைத்துச் சென்றேன். மும்பையில் எக்கோ எடுக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. எடுத்ததை உட்கார வைத்து விளக்கும் இடம்தான் அரிது.

பரிசோதித்த பெண் தமிழர். “ஐயா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க” என்று அவர் சொல்ல, இந்தியில் எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டிவைக்கும் பெரியப்பா சொன்னபடியே செய்தார்.

வால்வின் திறப்பு 0.8 சதுர செ.மீ. இருந்தது, இயல்பாக 3 முதல் 4 வரை இருக்கும். வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 46 மி.மீ. பாதரசம், இரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4.3 மீட்டர். இவை 40-ஐயும் 4-ஐயும் எட்டினாலே சுருக்கம் கடுமையானது என்பது கணக்கு. பல இடங்களில் இத்துடன் அறிக்கையை நீட்டிவிடுவார்கள். இங்கே மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, 14 மி.மீ. தடித்திருந்த இடது கீழறைச் சுவரைக் காட்டினார்.

குறுகிய வாய் வழியே இரத்தத்தைத் தள்ளக் கீழறை கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால், அதன் தசை தடித்துச் சுமையைச் சமாளிக்கிறது. ஆனால் தடித்த சுவர் விறைத்து, துடிப்புகளுக்கு இடையே சரியாகத் தளர்வதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி நுரையீரல் வரை பின்னோக்கிப் பரவுகிறது. ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியதன் காரணம் அதுவே. இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது என்பதால், உட்புற அடுக்குக்கு ஆக்ஸிஜன் போதாமல், இரத்தக்குழாயில் அடைப்பே இல்லாவிட்டாலும் நெஞ்சு வலி வரக்கூடும். பட்டினி கிடந்த செல்கள் மடிய, அந்த இடத்தில் நார்த்திசு தழும்பாகப் படிகிறது. வால்வை மாற்றினால் தசையின் தடிப்பு பெருமளவு குறையும், தழும்பு போகாது.

எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது அடுத்த விளக்கம். அறிக்கையில் ‘இஎஃப் 60 சதவீதம்’ (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) என்பதைக் கண்டு நாங்கள் நிம்மதி அடைந்திருந்தோம். தடித்த தசை நெடுநாள் அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கும் என்றும், அது 50-க்குக் கீழே சரிவதற்குள் தழும்பு படிந்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. அறிகுறி தோன்றிவிட்டதால் அறுவை சிகிச்சையோ, தொடை இரத்தக்குழாய் வழியே வால்வு பொருத்தும் டாவி முறையோ, எதுவானாலும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். தழும்பின் அளவை அறிய எம்ஆர்ஐ உதவும் என்றாலும், அதற்கான ஊசிமருந்துக்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

குறைகளும் உண்டு. காலை பத்து மணிக்கு வரச் சொல்லி, நண்பகலுக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். வீடியோவைக் குறுந்தகட்டில் தருகிறார்கள். அதைப் போட்டுப் பார்க்கும் கணினி இன்று யார் வீட்டில் இருக்கிறது? பென்டிரைவில் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள், ஆனால் நாமாகக் கேட்க வேண்டும். தசை சுருங்கி நீள்வதை அளக்கும் ‘ஸ்ட்ரெய்ன்’ கணக்கும் அப்படியே. கேட்காவிட்டால் அறிக்கையில் வருவதில்லை. இஎஃப் இயல்பாக இருக்கும்போதே தசையின் பலவீனத்தைக் காட்டக்கூடிய அந்த எண்ணை விட்டுவிடுவது, இவ்வளவு அக்கறையாக விளக்கும் இடத்துக்குப் பொருந்தவில்லை.

செல்பவர்கள் பழைய எக்கோ அறிக்கைகளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். சுவரின் தடிப்பை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுச் சொல்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.