தலைமைப் பண்பு எங்கே கைவரும்? வகுப்பறை, மூத்தவர் நிழல், தொண்டூழியம்: மூன்றையும் வைத்து ஓர் அலசல்

புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த கோர்ஸ் போகலாம்?" சிங்கப்பூரின் ஜூரோங்கில் கிடங்கு வேலை பார்த்து, பிறகு ஒரு ஷிப்ட்டையே நடத்துகிறவள் நான். கோர்ஸ் ஒரு வழி. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பழகுவது இன்னொரு வழி. வேலைக்கு வெளியே தொண்டூழியர் குழுவை நடத்துவது மூன்றாவது. மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே விலை போகாது.

முதலில், எதற்குத் தயாராக வேண்டும் என்று பார்ப்போம். 2024 டிசம்பர் 1 முதல் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் பற்றி அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் முறைப்படி எழுதிக் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் வேலை சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். ஊழியர் நன்றாக வேலை செய்துவரும்போது, 'மேற்பார்வையாளருக்கு ஆட்கள் கண்முன் இருந்தால்தான் பிடிக்கும்' என்பது நியாயமான காரணம் ஆகாது என்று வழிகாட்டி சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் நான் அப்படித்தான் ஆட்களை மேய்த்தேன்.

வகுப்பறையின் பலம் இங்கேதான். வேலையிட நியாயத்தன்மை மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, இனம், பராமரிப்புப் பொறுப்பு, மனநலம் எல்லாம் அதன் பாதுகாப்பில் வருகின்றன. இதையெல்லாம் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில் நின்று யாரும் கற்றுக்கொள்ள முடியாது. காசும் பெரிய தடை இல்லை. பயிற்சிக்கென அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையாக 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளி (டாலர்) உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் இன்னும் 4,000 வெள்ளி சேர்ந்தது. ஆனால் அந்த 4,000 வெள்ளியைக் குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்ன? இரண்டு நாள் வகுப்பில் ஜோடி சேர்ந்து நடித்துக் காட்டும் பயிற்சியில் எதிரில் இருப்பவர் உங்கள்மேல் கோபப்பட மாட்டார். மூன்றாம் நாள் காலை ரோஸ்டரை, அதாவது வேலை முறைப் பட்டியலைப் பார்த்து முகம் சுளிப்பவர் நிஜம்.

மூத்தவர் நிழலில் கற்பது வேகமான வழி, ஆபத்தான வழியும்கூட. என் பழைய மேலாளர் மாலை நான்கு மணிக்கு லோடிங் பேயை ஒரு பார்வை பார்த்து, இன்று எத்தனை கன்டெய்னர் தேங்கும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கணக்கை அவரிடம்தான் படித்தேன். எல்லார் முன்னும் ஆளை நிறுத்தித் திட்டுவதையும் அவரிடமே படித்தேன். கணக்கு ஆறு மாதத்தில் கைவந்தது. திட்டும் பழக்கத்தைக் கைவிட எனக்கு ஐந்து வருடம் ஆனது.

இனி தொண்டூழியம். ஒரு தைப்பூச இரவு. சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் பக்தர்கள் நடக்கும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பாலிடெக்னிக் பையன் ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "அக்கா, நான் கிளம்புறேன்." கிடங்காக இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் என் கையில் இருந்திருக்கும். இங்கே என் கையில் எதுவும் இல்லை. சம்பளம் இல்லை, போனஸ் இல்லை, அவன் போனால் போனதுதான். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். இரவு பத்திலிருந்து அவன் ஒருத்தனே கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான், உட்காரவே இல்லை. பட்டியல் போட்டது நான், கவனிக்காததும் நான். மன்னிப்புக் கேட்டு, சூடாக ஒரு மைலோ கொடுத்து, இன்னொரு பையனை மாற்றி நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் அவனாகவே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தான்.

கேட்காவிட்டால் ஆள் போய்விடுவார் என்ற பயம்தான் எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. வேலையிடத்தில் அந்தப் பயம் வருவதே இல்லை. பதவி அதை மறைத்துவிடுகிறது.

மேடைப்பேச்சு பழகும் தமிழ் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களும் இதே வகைதான். ஐந்து முதல் ஏழு நிமிடம் பேச வேண்டும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். அப்புறம் ஒருவர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்வார். என்னை மதிப்பிட்டவளுக்கு என் மகள் வயது. ஊழியரின் குறையை அவர் மனம் கோணாமல் சொல்வது எப்படி என்று அவளிடம்தான் பார்த்தேன்.

என் கணிப்பு இது. கையில் ஒரு வருடம் இருந்தால் முதல் ஆறு மாதம் தொண்டூழியம், அதன் பிறகு வகுப்பு. நாளைக்கே பதவி ஏற்கிறீர்கள் என்றால் வகுப்புதான் முதலில், சட்டம் தெரியாமல் உட்காரக் கூடாது. மூத்தவர் நிழலுக்குப் போகும் முன் அவரிடம் வேலை பார்த்த இருவரிடம் விசாரியுங்கள். அவரிடமிருந்து விலகிய ஒருவரிடமும் கேளுங்கள்.

தைப்பூசம் முடிந்த வாரம், கிடங்கில் சரக்கு எடுத்துத் தரும் பிக்கர் ஒருவர் மூன்றாம் முறை தாமதமாக வந்தார். கடிதத்தை எடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றார். எட்டு மாதமாக என் ஷிப்ட்டில் இருந்தவர். அன்று மாலையே அவருடைய ரோஸ்டரை மாற்றி எழுதினோம், இருவரும் சேர்ந்து.