ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள்

எங்கள் வேத ஆராய்ச்சிக் குழுவில் ஒன்பது பேர். வாரம் ஒருமுறை கூடி, யோவான் சுவிசேஷத்தின் 21 அதிகாரங்களையும் முடிக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் எல்லார் மடியிலும் இருந்தது இந்தப் புத்தகம்தான். யோவான் மட்டும் தனி நூல். இடப்பக்கம் பழைய திருப்புதல் என்கிற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் வசனங்கள், வலப்பக்கம் கோடுகூடப் போடாத வெற்றுத்தாள். குறை சொல்ல நிறைய இருப்பதால் பதிப்பகத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன்.

ஜெல் பேனா பக்கமே போகாதீர்கள். மூன்றாம் அதிகாரத்தில் நான் எழுதிய குறிப்பு தாளில் ஊறி, பின்பக்க வசனங்களின்மேல் நீல நீலமாய்ப் படிந்துவிட்டது. அன்றே பென்சிலுக்கு மாறினேன். கட்டு தைத்ததல்ல, வெறும் பசை. லாசரு கல்லறையைவிட்டு வெளியே வருமுன் 11ஆம் அதிகாரமே என் புத்தகத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. ஒத்தவாக்கியங்களும் கிடையாது. 3:14இல் மோசே சர்ப்பத்தை உயர்த்தியது வந்தால், எண்ணாகமம் 21ஐப் பார்க்க முழு வேதாகமம் ஒன்று பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பதிப்பகத்தார் இடையிடையே செருகியிருக்கும் தலைப்புகளைத்தான் பொறுக்க முடியவில்லை. 8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கொட்டை எழுத்தில் "பாவியான பெண்ணுக்கு மன்னிப்பு" என்று இருக்கிறது. பகுதியை வாசித்துப் பாருங்கள், மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்றுதான் ஆண்டவர் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானா என்று பேசவே ஒரு மாலை போதாது. தலைப்பு அந்தப் பேச்சை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. போதாததற்கு, அந்தத் தலைப்பு விழுந்திருக்கும் இடம் வேறு. 7ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவரவர் தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த வசனத்தில் இயேசு ஒலிவமலைக்குப் போகிறார். சேர்த்து வாசித்தால் நெஞ்சில் தைக்கிற இடம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, வசன எண்கள் 1551இல் வந்தவை. யோவான் எழுதியபோது இரண்டும் இல்லை. அதிகார எண் போட்ட கோட்டைத் தலைப்பு மதிலாகவே எழுப்பிவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றிய இந்தப் பகுதி மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று ஓர் அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம், அதுவும் இல்லை.

சரி, பிறகு ஏன் இதை விடாமல் வைத்திருக்கிறேன்? அந்த வெற்றுத்தாளுக்காக.

குழுவில் வயதான ஐயா ஒருவர் இருக்கிறார். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்பார். மற்றபடி வாய் திறக்கமாட்டார். 18ஆம் அதிகாரம் வாசித்த அன்று, அவருடைய எதிர்ப்பக்கத்தில் "கரிநெருப்பு" என்று ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் எழுதி வட்டம் போட்டிருந்தார். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே, தான் இயேசுவின் சீஷன் அல்ல என்று மறுதலித்த இடம் அது. நானும் பார்த்தேன், கேட்கவில்லை. பல வாரம் கழித்துக் கடைசி அதிகாரத்துக்கு வந்தோம். சீஷர்கள் கரையில் இறங்குகிறார்கள், அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன். ஐயா மளமளவென்று பக்கங்களைப் பின்னால் தள்ளி, அந்த வட்டத்தின்மேல் விரல் வைத்து, "பாருங்கம்மா, அதே நெருப்பு" என்றார். வீட்டுக்குப் போய்த் தேடினேன். மூலத்தில் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஐயாவுக்குக் கிரேக்கம் தெரியாது. எழுதிவைக்க இடம் இருந்தது, எழுதினார்.

அதே அன்று இளம்பெண் ஒருத்தி அடுத்த பத்தியில் இரண்டு வண்ணப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "அன்பாயிருக்கிறாயா" என்று ஆண்டவர் இருமுறை கேட்க, பேதுரு இருமுறையும் "நேசிக்கிறேன்" என்கிறான். மூன்றாம் முறை ஆண்டவரே "நேசிக்கிறாயா" என்று அவன் சொல்லுக்கு இறங்கி வருகிறார். கிரேக்கத்திலும் அகபாவோ, பிலேயோ என்று இரண்டு சொற்கள்தான். பழைய திருப்புதல் அந்த வேறுபாட்டை அப்படியே காத்திருக்கிறது. யோவான் ஒரே பொருளைச் சொல் மாற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான் என்கிற அறிஞர்களும் உண்டு. எங்கள் குழுவிலும் பாதிப்பேர் அந்தக் கட்சி. வாக்குவாதம் முடிந்து கிளம்ப வெகுநேரமானது.

இப்போது அந்த அதிகாரத்தின் முடிவில் அச்சிட்டிருக்கும் கேள்வியைப் பாருங்கள்: "பேதுரு மூன்று முறை மறுதலித்தான். ஆண்டவர் அவனை எத்தனை முறை கேட்டார்?" கீழே விடைக்குக் கோடு. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் இந்த ரகத்தில் ஐந்து. முதல் சில வாரம் தெரியாத்தனமாக அவற்றை வைத்தே வகுப்பை நடத்தினேன். யாரும் வசனத்தைப் பார்க்கவில்லை, கோட்டை நிரப்புவதிலேயே குறியாக இருந்தார்கள். ஐயா அந்த வாரங்களில் ஒன்றுமே எழுதவில்லை.

அடுத்தது மாற்கு. அதே பதிப்பில்தான் ஒன்பது பிரதி சொல்லியிருக்கிறேன். பென்சில்களோடு ஸ்டேப்ளரும் வாங்கி வைத்தாயிற்று. கையில் கொடுக்குமுன் கேள்விப் பக்கங்களை மடித்துப் பின் அடித்துவிடப்போகிறேன்.