பெரிய பக்கேஜா, பதினைந்து மீற்றர் வயரா?

மட்டக்களப்புக் கல்லடியில் அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரவு எட்டு மணிக்குப் பௌதிகவியல் பாடக் காணொளியைத் திறந்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படம் நின்று வட்டம் சுற்றும். "பெரிய இன்டர்நெட் பக்கேஜுக்கு மாறிவிடுவோமா தம்பி?" என்று அக்கா கேட்டார். மாதாமாதம் கூடுதலாகக் கட்டவேண்டிய பணம் அது. கட்டுவதற்கு முன், தடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

காணொளி ஓடும்போதே, அடுத்து வரும் பகுதியைக் கணினி முன்கூட்டி வாங்கிச் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்புத்தான் பஃபர். வரவு குறைந்து சேமிப்புத் தீர்ந்தால் படம் நிற்கும். யூடியூபில் படத்தின்மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால், வரும் பட்டியலின் அடியில் நுட்ப விபரங்களைக் காட்டும் தெரிவு இருக்கிறது. அதில் பஃபரில் எத்தனை வினாடி மிச்சம் என்பதும், எத்தனை பிரேம்கள், அதாவது காணொளியின் தனித்தனிப் படங்கள், விடுபட்டன என்பதும் தெரியும். பஃபர் பூச்சியத்துக்கு இறங்கினால் குறை இணைப்பில். பஃபர் நிறைய இருந்தும் பிரேம்கள் விடுபட்டுக்கொண்டே போனால், திணறுவது கணினி. அதற்கு எந்தப் பக்கேஜும் மருந்தாகாது. படத்தின் தரத்தைக் குறைத்து, தேவையற்ற பிரவுசர் டாப்களை மூடிப் பார்க்கவேண்டும்.

மருமகளின் கணினியில் தீர்ந்துகொண்டிருந்தது பஃபர். அதே கணினியைத் தூக்கிவந்து முன்னறையில் ரவுட்டரின் பக்கத்தில் வைத்தேன். அதே காணொளி, அதே இரவு நேரம், ஒருமுறைகூட நிற்கவில்லை. 1080 தரத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். அக்கா ஏற்கெனவே பணம் கட்டும் பைபர் (கண்ணாடியிழை) இணைப்பு அதைவிடப் பல மடங்கு தருகிறது. வந்த வேகம், இடையிலிருந்த இரண்டு சீமெந்துச் சுவர்களைத் தாண்டும்போது கரைந்துபோனது. பெரிய பக்கேஜ் எடுத்திருந்தாலும் கரைவது அதே சுவர்களில்தான்.

ஆகவே போட்டி வீட்டுக்குள்ளேயே, வைஃபைக்கும் வயருக்கும் இடையில். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. வேலியோடு வேலியாக வீடுகள் நெருங்கிய கல்லடியில் அயலவர் எல்லோரும் அதற்குள்தான் நெரிபடுகிறார்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. சுவர் என்றால் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருப்பவர்கள் அதையே தெரிவு செய்யலாம். வைஃபையை இடையில் வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற கருவியை வாங்கச் சொல்வார்கள். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால், வேகம் பாதியாகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

மேசையை விட்டு நகராத கணினிக்கு என் வாக்கு, அதை ரவுட்டருடன் நேரே இணைக்கும் வயரான லேன் கேபிளுக்கே. சுவர் அதைத் தடுக்காது, அயல்வீட்டு வைஃபை அதைத் தொடாது. 100 மீற்றர் வரை கொண்டுபோகலாம். எங்களுக்குப் பதினைந்து மீற்றர் போதுமாக இருந்தது. நேரலை வகுப்புக்கு இது இன்னும் முக்கியம். ஆசிரியர் இன்னும் பேசாததை யாரும் முன்கூட்டிச் சேர்த்துவைக்க முடியாது; ஆகவே வைஃபையில் ஏற்படும் சிறு தடுமாற்றமும் உடனே குரலை அறுக்கும்.

வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் கதை வேறு. கொக்கட்டிச்சோலையில் நண்பர் ஒருவரின் வீட்டில் 4ஜி ரவுட்டர். அங்கே கேபிள் போட்டும் பயன் கிடைக்கவில்லை, ஏனென்றால் தடை வீட்டுக்கு வெளியே. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை ஊரே பங்குபோடுகிறது. எல்லோரும் வீடு திரும்பும் மாலையில் பங்கு சுருங்குகிறது. பைபர் வரும் இடமென்றால் யோசிக்காமல் அதற்கு மாறலாம். வராத இடத்தில், பக்கேஜுக்குப் பணம் கொட்டுவதைவிட ரவுட்டரை இடம் மாற்றிப் பார்ப்பது நல்லது. நண்பரின் ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. கோபுரம் இருக்கும் திசையின் யன்னலோரம், உயரமாக வைத்தோம். பதிவுசெய்த பாடங்களை அதிகாலையில் இறக்கிவைக்கவும், மாலையில் 480 தரத்தில் பார்க்கவும் அவருடைய மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு வினாடிக்கு ஒரு மெகாபிட்டுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். கரும்பலகை எழுத்து வாசிக்கும்படியாகவே தெரிகிறது.